பதினாலு சட்டை போட்ட மனுஷன்

ஒரே கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தவருக்குக் கைக்கடிகாரம் கொடுத்துப் பாராட்டுவார்கள். பதினாலு கம்பெனி மாறியவரை? "எங்கேயும் நிலைக்காத ஆள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். எட்வின் ஜாக்சனையும் பலர் அப்படித்தான் முடித்தார்கள்.

ஜாக்சன் அமெரிக்க பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்ததால் பிறந்ததே ஜெர்மனியில், 1983-ல். சரியாக 20-வது பிறந்தநாளன்று லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல் ஆட்டம். எதிரில் வீசியது ஜாம்பவான் ராண்டி ஜான்சன். ஜெயித்தது பொடியன்! ஆனால் அந்த வேகம் நிலைக்கவில்லை. 2006-ல் டாம்பா பே, 2009-ல் டெட்ராய்ட், 2010-ல் அரிசோனா என்று பெட்டி தூக்க ஆரம்பித்தார்.

அரிசோனாவில் ஒரு அதிசயம் நடந்தது. 2010 ஜூன் 25, தன்னை அனுப்பிவிட்ட டாம்பா பே அணிக்கு எதிராகவே 'நோ-ஹிட்டர்' வீசினார். ஆட்டம் முழுக்க எதிரணிக்கு ஒரு ஹிட்கூட கிடையாது. சும்மா வரவில்லை அது. 8 பேரை வாக்கில் இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பி, 149 பந்துகள் வீசி, 1-0 என்று தப்பிப் பிழைத்த வெற்றி. பரிசு? 35 நாள் கழித்து அவரை சிகாகோ வைட் சாக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

இதெல்லாம் எப்படி முடிகிறது? அங்கே வீரரின் ஒப்பந்தத்தை அப்படியே வேறு அணிக்குக் கைமாற்றலாம். ஒப்பந்தத்திலேயே தடுத்து எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, வீரரின் சம்மதம் தேவையில்லை. 10 வருஷ அனுபவம், அதில் கடைசி 5 வருஷம் ஒரே அணியில் என்று இருந்தால்தான் "போக மாட்டேன்" என்று சொல்லும் உரிமை தானாக வரும். ஜாக்சன் எந்த அணிக்கும் 3 சீசனுக்கு மேல் ஆடியதில்லை. ஓடிக்கொண்டே இருப்பவனுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு வேண்டும். கிடைப்பதோ ஏற்கெனவே நிலைத்தவனுக்கு!

2011 ஜூலை 27 இன்னும் வேடிக்கை. காலையில் வைட் சாக்ஸ் ஆள். டொரன்டோவுக்குக் கைமாறி, அதே நாளில் செயின்ட் லூயிஸுக்கும் போய்விட்டார். அந்த வருஷமே செயின்ட் லூயிஸ் உலகத் தொடரை வென்றது.

பிறகு சிகாகோ கப்ஸ் அணி 4 வருஷத்துக்கு 5.2 கோடி டாலர் கொடுத்தது. முதல் சீசனிலேயே 18 தோல்வி. 2015-ல் வெளியே அனுப்பினார்கள். அட்லாண்டா, மயாமி, சான் டியேகோ, பால்டிமோர்... எங்கே ஆள் பற்றாக்குறையோ அங்கே ஜாக்சன். 2018-ல் ஓக்லண்டுக்கு அவர் வீசிய 17 ஆட்டங்கள் அந்த அணி பிளேஆஃப் போக உதவின. 2019-ல் டொரன்டோ. எட்டு வருஷம் முன்னால் போடாமலே கழன்ற சட்டை, 14-வது அணியாகி சாதனைப் புத்தகத்தில் ஏறியது.

கணக்கு முடித்தபோது 107 வெற்றி, 133 தோல்வி. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி, 2022-ல் ஓய்வு.

தோல்விதான் அதிகம், மறுக்க முடியாது. ஆனால் பேரேட்டில் இரண்டு பக்கம் உண்டே. 14 அணி மாறினார் என்றால், ஒவ்வொரு முறை ஒருவர் 'போதும்' என்றபோதும் இன்னொருவர் 'வா' என்றிருக்கிறார். 17 சீசன் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். உதவாத ஆளை யாராவது அத்தனை தடவை கூப்பிடுவார்களா?