கடவுச்சொல்

காவிரியும் கொள்ளிடமும் இரு கைகளால் அணைத்தாற்போலச் சூழ்ந்து நிற்பது திருவரங்கத் தீவு. அத்தீவின் நடுவே ஏழு திருச்சுற்றுகளுடன் விளங்குவது அரங்கன் கோயில். 1987ஆம் ஆண்டில் முடிக்கப்பெற்ற 236 அடி உயர இராசகோபுரத்தின் வழியே செல்வோர், வாயில் பின் வாயிலாகப் பல வாயில்களைக் கடந்தே கருவறையை அடைதல் வேண்டும். வெளிச் சுற்றுகளில் கடைகளும் வீடுகளும் உண்டு. அங்கு எவரும் செல்லலாம். உள்ளே செல்லச் செல்லக் காவல் மிகும். உரியவரை உள்ளே விடுவதும் அல்லாதவரைத் தடுப்பதும் வாயில் காப்போன் கடமை. ஆனால், வந்து நிற்பவர் உரியவர்தாம் என்பதை அவன் எங்ஙனம் அறிவான்? காவல் தொழிலின் அருமை முழுவதும் இவ்வொரு வினாவில் அடங்கியிருக்கிறது.

மின்னஞ்சலுக்கும் இத்தகைய வாயில் உண்டு. அங்கு நாம் கூறும் மறைசொல்லே கடவுச்சொல். ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தியபோது, ஒருவர் கோப்பை மற்றவர் திறவாதிருக்க, 1961ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்னும் அறிஞரின் குழுவினர் இதனைக் கையாண்டனர். மறுஆண்டே அங்கிருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர், தமக்குக் கிடைத்த கணினி நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பினை அச்சிட்டு எடுத்து, பிறர் நேரத்தையும் பயன்படுத்திக்கொண்டார்! பூட்டுத் தோன்றிய அன்றே கள்ளச்சாவியும் தோன்றிவிட்டது எனலாம்.

திருவரங்கத்துச் சித்திரை வீதியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்து வந்தார். ஆற்றுக்கு அக்கரையில், திருச்சிராப்பள்ளியில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். கேட்ட பாடலை அடி பிறழாது சொல்லும் நினைவாற்றல் உடையவர். அகவை எழுபத்தெட்டு ஆன பின்பும், நாள்தோறும் காலையில் மேசைக் கணினியின் முன் அமர்ந்து, உலகின் பல மூலைகளிலும் வாழும் பழைய மாணவர்களுக்கு மடல் எழுதுவார். அவர்கள் எழுதிய மடல்கள் யாவும் அக்கணினியின் மின்னஞ்சல் மென்பொருளில் ஆண்டு வாரியாக அடுக்கப்பெற்றிருந்தன.

ஒரு நாட்காலை அம்மென்பொருள் கடவுச்சொல்லைக் கேட்டது. அவர் இட்டார். “கடவுச்சொல் தவறு” என்றது. மீண்டும் இட்டார், மீண்டும் அதே விடை. ஐந்து முறை, ஆறு முறை முயன்றும் பயனில்லை. ஆசிரியர் கைகளை விசைப்பலகையினின்றும் எடுத்துக்கொண்டார். மடல்கள் படிக்க இயலவில்லையே என்பதன்று அவர் கவலை. “என் நினைவு தவறத் தொடங்கிவிட்டதோ?” என்னும் அச்சமே அவர் உள்ளத்தில் முள்ளெனத் தைத்தது. தம் தமையனார் முதுமையில் பெற்ற பிள்ளைகளின் பெயரையும் மறந்து வருந்தியதை அவர் கண்டவர். ஆதலின், இதனை எவரிடமும் கூற நாணினார்.

பிறர் அறியாமல் இதனைச் சரிசெய்ய எண்ணி, இணையத்தில் எங்கோ கண்ட உதவி எண்ணைத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் பேசியவன் தேனொழுகப் பேசினான். “ஐயா, கவலை வேண்டா, தங்கள் கடவுச்சொல்லைச் சொல்லுங்கள். இப்பொழுது தங்கள் கைப்பேசிக்கு ஓர் எண் வரும், அதனையும் சொல்லுங்கள். நொடியில் சரிசெய்துவிடுவேன்” என்றான். ஆசிரியர் வாய் திறந்தவர் ஒரு கணம் தயங்கினார். ‘கடவுச்சொல்லை வாயில் காப்போனிடம் சொல்லலாம், வழிப்போக்கனிடம் சொல்லலாமா?’ என்று அவருள்ளம் வினவியது. தொலைபேசியை வைத்துவிட்டார். அத்தயக்கமே அன்று அவரைக் காத்தது. இத்தகையோரை நம்பிப் பொருள் இழந்தோர் பலர். அவ்வாறு இழக்க நேர்ந்தால் 1930 என்னும் எண்ணில் காலந்தாழ்த்தாது முறையிடல் வேண்டும்.

மாலையில், திருச்சிராப்பள்ளியில் கல்லூரியில் பயிலும் பேத்தி, சத்திரம் பேருந்து நிலையத்தில் பேருந்தேறி, காவிரிப் பாலத்தைக் கடந்து வந்து சேர்ந்தாள். பாட்டனாரின் முகவாட்டம் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. பலமுறை கேட்ட பின்னரே அவர் நிகழ்ந்ததைக் கூறினார். கூறி, “அம்மா, எனக்கு மறதி வந்துவிட்டது போலும்” என்று முடித்தார்.

“தாத்தா, நோய் இன்னதென்று ஆராயும் முன்னரே நோயாளியைப் பழிக்கலாமா? முதலில் ஆராய்வோம்” என்றாள் அவள்.

அவள் முதலில் விசைப்பலகையை நோக்கினாள். தமிழில் எழுதுவோர் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிவிட்டு, மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்ற மறப்பதுண்டு. கடவுச்சொல்லோ திரையில் வெறும் புள்ளிகளாகவே தோன்றும். ஆதலின் பிழை கண்ணுக்குப் புலனாகாது. பெரிய எழுத்துக்கான விசை அழுந்தியிருப்பினும் இதே இடர் நேரும். இரண்டும் சரியாகவே இருந்தன.

அடுத்து அவள், மென்பொருளை விடுத்து, இணைய உலாவியில் அஞ்சல் நிறுவனத்தின் முகவரியைத் தானே தட்டெழுதித் திறந்து, “தாத்தா, உங்கள் கடவுச்சொல்லை நீங்களே இடுங்கள்” என்று கூறி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் இட்டார். அஞ்சற்பெட்டி உடனே திறந்தது! அவ்வொரு கணத்தில் முதியவரின் முகத்தில் படர்ந்த ஒளியைச் சொல்லால் கூற இயலாது.

“பார்த்தீர்களா? உங்கள் நினைவில் பிழையில்லை. பிழை மென்பொருளில் இருக்கிறது” என்றாள் பேத்தி.

மென்பொருள்கள் நாம் முன்னர் இட்ட கடவுச்சொல்லைத் தம்முள் சேமித்து வைப்பதுண்டு. நாம் அதனை மாற்றிய பின்னும் அவை பழையதையே கூறிக்கொண்டிருக்கும். ஆதலின், அமைப்புகளில் சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலைத் திறந்து, பழையதை நீக்கிப் புதிதாய் இடுவதே முறை. அவள் அதனையும் செய்து பார்த்தாள். பயனில்லை.

“தாத்தா, நிறுவனத்திடமிருந்து அறிவிப்பு ஏதேனும் வந்ததா?”

“இருமுறை வந்தது. ஏமாற்று வேலையென்று எண்ணி நீக்கிவிட்டேன்.”

“எச்சரிக்கை நன்றே. ஆயினும், நீக்குமுன் நிறுவனத்தின் பக்கத்தில் நாமே சென்று உண்மையை அறிந்திருக்கலாம்” என்றாள் அவள். அப்பக்கத்தில் காரணம் விளங்கியது. வேறு மென்பொருள்களின் வழியே வருவோர் கடவுச்சொல்லை மட்டும் கூறி உள்ளே நுழையும் முறையை அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. கடவுச்சொல் களவு மிகுந்ததால் பெரிய நிறுவனங்கள் பலவும் இவ்வழியை மேற்கொண்டன. கூகுள் நிறுவனம் தனியார் கணக்குகளுக்கு 2022ஆம் ஆண்டு மே மாதத்திலும், மைக்ரோசாப்ட் நிறுவனம் 2024ஆம் ஆண்டு செப்டம்பரிலும் இவ்வாறு செய்தன. புதிய முறையில் மென்பொருள் நம் கடவுச்சொல்லை அறிவதே இல்லை. அது நம்மை நிறுவனத்தின் வாயிலுக்கே அழைத்துச் செல்லும். அங்கு நாம் நம்மை மெய்ப்பித்தால், மென்பொருளுக்கு ஓர் அனுமதிச்சீட்டு வழங்கப்பெறும். ‘ஓ-ஆத்’ என்பது இம்முறையின் பெயர்.

அவள் கணக்கின் அமைப்பில் சரிபார்ப்பு முறையை அவ்வாறே மாற்றினாள். நுழைவுப் பக்கம் தோன்றியது. ஆசிரியர் கடவுச்சொல்லை இட்டார். உடனே அவர் கைப்பேசி ஒலித்து, “நுழைய முயல்பவர் நீங்கள்தாமா?” என்று வினவியது. “ஆம்” என்பதைத் தொட்டார். காத்திருந்த மடல்கள் ஒவ்வொன்றாய் வந்து நிறைந்தன. மகிழ்ந்து, சிங்கப்பூரில் வாழும் மாணவர் ஒருவருக்கு மறுமொழி எழுதினார். அது செல்லவில்லை! மடல் வரும் வழி வேறு, செல்லும் வழி வேறு. இரண்டுக்கும் அமைப்பு தனித்தனியே உண்டு என்பதைப் பேத்தி நினைவுகூர்ந்தாள். இரண்டாவதையும் மாற்றியவுடன் மடல் கடல் கடந்து சென்றது.

ஆசிரியர் சிறிது நேரம் எண்ணமிட்டிருந்தார். பின்பு கூறினார்: “குழந்தாய், இவ்வூரில் வழங்கும் வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1323இல் படையெடுப்புக்கு அஞ்சி அரங்கனின் திருவுருவத்தை வெளியூருக்குக் கொண்டு சென்றனர். 1371இல் அது மீண்டு வந்தது. இடையில் இங்கே வேறோர் உருவமும் இருந்தது. இரண்டனுள் பழையது எது? அறிந்தவர் எவரும் உயிரோடில்லை. அப்பொழுது, கோயிலின் ஆடைகளைத் துவைத்துவந்த முதியவர் ஒருவர், கண்ணொளி இழந்தவர், முன்வந்தார். இரு உருவங்களுக்கும் நீராட்டுச் செய்து, ஈர ஆடையைப் பிழிந்த நீரை அவருக்கு அளித்தனர். சுவைத்துப் பார்த்து, ‘இவரே நம்பெருமாள்’ என்றார் என்பது கோயில் மரபு. பெயரை எவரும் சொல்லலாம். நெடுங்காலப் பழக்கத்தால் அறிந்த ஒன்றைக் களவாட இயலுமா? உன் கணினியும் இன்று அதனைத்தான் கேட்கிறது. சொல் ஒன்று போதாது. இன்னொரு சான்றும் வேண்டும் என்கிறது.”

பேத்தி வியந்து கேட்டிருந்தாள். அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தியை ஆண்டும் பெயரும் பிறழாது கூறியவர், காலையில் தம் நினைவை ஐயுற்றவரே அல்லரோ!

கதவு திறவாதபோது அதனை மீண்டும் மீண்டும் தட்டுவதால் பயனில்லை. பலமுறை பிழையாக முயன்றால் அஞ்சற்பெட்டி சிறிது காலம் பூட்டப்படுவதும் உண்டு. வழியிற் செல்வோன் கையில் சாவியை ஒப்படைப்பதோ பெருங்கேடு. பிழை எங்கே உள்ளதென வரிசையாக ஆராய்வதும், அறிந்த அன்பரிடம் நாணாது கேட்பதுமே நலம் தரும். இயந்திரம் “தவறு” என்று கூறிய அளவிலேயே மனிதன் தன்னைத் தவறுடையவன் என்று எண்ணிவிடலாகாது.