கையிருப்பில் ஒரு டைம்-அவுட்

டெட்ராய்ட் நகரம். ஃபோர்டு ஃபீல்டு, கூரையிட்ட அரங்கம். 2024 நவம்பர் 28, நன்றி நவிலும் நாள். வீடுகளில் வான்கோழி அடுப்பில் இருக்கிறது. தொலைக்காட்சியில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம்.

எதிரணி சிகாகோ பேர்ஸ். சட்டையின் இடது கையில் மூன்று எழுத்துகள்: ஜி.எஸ்.ஹெச். ஜார்ஜ் ஸ்டான்லி ஹாலஸ், அணியைத் தொடங்கியவர். நாற்பது பருவங்கள் அவரே பயிற்சியாளர்.

இடைவேளை. பலகையில் 16-0. பூஜ்யம் சிகாகோவுக்கு.

சட்டை எண் 18, கேலப் வில்லியம்ஸ். பத்து நாளுக்கு முன்புதான் 23 வயது முடிந்தது. 2024 வீரர் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக், தாக்குதலை நடத்துபவர். பந்து கைக்கு வருகிறது. தலை நிமிர்கிறது. முன்னால் நிற்கும் ஐந்து பேரின் சுவர் விலகுகிறது. ஓடுகிறார், விழுகிறார், எழுகிறார். ஹெல்மெட்டைச் சரிசெய்கிறார். மறுபடி நிற்கிறார்.

இந்த மாதம் இது பழகிய காட்சி. அரிசோனாவில் 9 புள்ளி. அடுத்த வாரம் சொந்த மைதானத்தில், நியூ இங்கிலாந்துக்கு எதிராக, 3 புள்ளி. இரண்டு ஆட்டங்களிலும் ஒரு டச்டவுன்கூட இல்லை. நியூ இங்கிலாந்து ஆட்டத்தில் மட்டும் வில்லியம்ஸ் பந்தோடு 9 முறை வீழ்த்தப்படுகிறார். இரண்டு நாள் கழித்துத் தாக்குதல் திட்டங்களை வகுக்கும் ஷேன் வால்ட்ரன் வெளியே. தாமஸ் பிரவுன் உள்ளே.

வீழ்த்தப்படுவது நிற்கவில்லை. ஆனால் பந்து நகர்கிறது.

டெட்ராய்ட்டில், இரண்டாம் பாதி. கீனன் ஆலன், டச்டவுன். மீண்டும் ஆலன். பிறகு டி.ஜே. மூர். பலகை மாறுகிறது: 23-20. பேரிரைச்சல் கொண்ட அரங்கம் சற்று அடங்குகிறது.

கடைசி நிமிடம். சிகாகோ பந்தோடு லயன்ஸ் பாதிக்குள் வந்துவிட்டது. மூன்று புள்ளி கிடைத்தால் சமன். உதைக்கும் கெய்ரோ சான்டோஸ் இருக்கிறார். பலகையின் ஓரத்தில் இன்னொரு எண், சிறியது. சிகாகோவின் பெயருக்குக் கீழே மீதமுள்ள டைம்-அவுட், கடிகாரத்தை நிறுத்தும் உரிமை: 1.

மஞ்சள் துணி விழுகிறது. சிகாகோவின் தவறு. பந்து பத்து கெஜம் பின்னால் போகிறது.

அடுத்த நகர்வு. லயன்ஸின் ஸடேரியஸ் ஸ்மித் சுவரைத் தாண்டி வருகிறார். வில்லியம்ஸ் தரையில். பந்து 41 கெஜக் கோட்டில். இங்கிருந்து உதைத்தால் ஏறக்குறைய 59 கெஜம். நெடுந்தூரம். கடிகாரத்தில் அரை நிமிடம்.

கடிகாரம் ஓடுகிறது.

மைதானத்தில் இருக்கும் எந்த வீரரும் டைம்-அவுட் கேட்கலாம். ஓரத்தில் நிற்கும் தலைமைப் பயிற்சியாளரும் கேட்கலாம். இரண்டு உள்ளங்கை, ஆங்கில எழுத்து ‘டி’ போல. ஒரு விநாடி வேலை.

பெருத்த உடம்புகள் தரையிலிருந்து எழுகின்றன. மெதுவாக எழுகின்றன. வில்லியம்ஸ் நிற்கிறார். வரிசை கூடவில்லை. குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு சிறு ஒலிபெருக்கி. அடுத்த நகர்வு என்ன என்று பயிற்சியாளரின் குரல் அதில் வரும். நகர்வைத் தொடங்குவதற்கான கெடுவில் 15 விநாடி மீதமிருக்கையில் அந்தக் குரல் துண்டிக்கப்படும். விதி அது. அதன் பிறகு களத்தில் நிற்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இருபது. பதினெட்டு. பதினைந்து.

ஓரத்தில் மேட் எபர்ஃப்ளூஸ். தலைமைப் பயிற்சியாளர். தடுப்பாட்டத்தில் தேர்ந்தவர். 2022 முதல் இந்த அணியில். காதுகளில் ஹெட்செட். கைகள் ‘டி’ காட்டவில்லை.

பத்து.

ஆறு. பந்து கைக்கு வருகிறது. வில்லியம்ஸ் நீளமாக எறிகிறார், ரோம் ஓடுன்ஸேயை நோக்கி. பந்து தரையில் விழுகிறது. கடிகாரம்: பூஜ்யம். அறுபதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கம் எழுந்து கத்துகிறது. 2016-க்குப் பிறகு இந்நாளில் லயன்ஸுக்கு முதல் வெற்றி.

பலகையின் ஓரத்தில் சிறிய எண். இன்னும் 1.

ஆட்டம் முடிந்தபின், செய்தியாளர் அறை. ஒலிவாங்கிகள். எபர்ஃப்ளூஸ் விளக்குகிறார்: சீக்கிரம் வரிசையில் நிற்பது, எல்லைக்குள் ஒரு குறும்பந்து, தூரத்தைக் குறைப்பது, அப்போது டைம்-அவுட், பிறகு உதை. திட்டம் ஒழுங்காக இருக்கிறது. அதற்கு வேண்டிய விநாடிகள் போய்விட்டன.

இந்தப் பருவத்தில் கடைசி விநாடி அடிக்கடி சிகாகோவுக்கு எதிராகத் திரும்புகிறது. அக்டோபரில் வாஷிங்டனில், நேரம் தீர்ந்தபின் வானத்திலிருந்து இறங்கிய பந்து: 18-15. நவம்பரில் கிரீன் பே அணியின் கை, சான்டோஸின் உதையைத் தடுத்தது: 20-19. அந்த இரண்டிலும் எதிரணி ஏதோ செய்தது. டெட்ராய்ட்டில் எதிரணி எதுவும் செய்யாத அரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் எபர்ஃப்ளூஸ் செய்தியாளர்களிடம் பேசுகிறார், பயிற்சியாளராகவே. சில மணி நேரத்தில் அறிவிப்பு வருகிறது. அவர் நீக்கப்பட்டார். 1920-இல் தொடங்கிய அணி இது. பருவத்தின் நடுவே தலைமைப் பயிற்சியாளரை நீக்குவது முதல் முறை. நாற்காலி தாமஸ் பிரவுனுக்கு. பதினேழு நாளில் அவருக்கு இது இரண்டாம் பதவி.

நாற்காலி மாறினாலும் சுவர் அதே சுவர். பருவம் முடியும்போது 5 வெற்றி, 12 தோல்வி. வில்லியம்ஸ் பந்தோடு வீழ்த்தப்பட்டது 68 முறை. அந்த ஆண்டு லீக்கில் வேறெவரும் இத்தனை முறை விழவில்லை. பதினேழு ஆட்டங்களிலும் அவரே தொடங்கினார்.

2025 ஜனவரியில் சிகாகோ புதிய தலைமைப் பயிற்சியாளரை அறிவிக்கிறது: பென் ஜான்சன். நவம்பர் 28 அன்று டெட்ராய்ட்டில் லயன்ஸின் தாக்குதல் திட்டங்களை நடத்தியவர் அவர்தான்.