கோவையில் வென்ற சென்னை

ஒரு சின்ன க்விஸ். ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தை வென்ற ஒரே தமிழ்நாட்டு அணி எது?

நிறையப் பேர் 'சென்னையின் எஃப்சி' என்றுதான் சொல்வார்கள். அபிஷேக் பச்சன், தோனி என்று பெரிய பெயர்கள் சேர்ந்த அணி. 2015இலும் 2017-18இலும் கோப்பை வாங்கியது உண்மைதான். ஆனால் அது ஐ.எஸ்.எல்., வேறு லீக். சரியான விடை சென்னை சிட்டி எஃப்சி. கொஞ்சம் கால்பந்து பார்க்கிறவர்களே இந்த இடத்தில் குழம்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கேள்வி. அந்த அணி எந்த ஊர் மைதானத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடியது? சென்னை இல்லை, கோயம்புத்தூர்.

மூன்றாவது கேள்வி. இப்போது அந்த அணி எந்த லீக்கில் ஆடுகிறது? எந்த லீக்கிலும் இல்லை. 2019இல் இந்தியாவின் சாம்பியன். 2021-22 சீசன் தொடங்கியபோது பட்டியலில் பெயரே இல்லை.

இந்த மூன்று விடைகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கதை. 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் சென்னையில் தொடங்கிய ஒரு கிளப்தான் பிற்காலத்தில் சென்னை சிட்டி ஆனது. சென்னை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அணி, 2016-17 சீசனில் நேரடியாக ஐ-லீக்கில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் தேசிய லீக்கில் தமிழ்நாட்டின் பெயரைச் சொன்னது இந்தியன் வங்கி அணி. அது ஆபீஸ் டீம், ஆட்டக்காரர்கள் வங்கி ஊழியர்கள். சம்பளம் வங்கியில், ஆட்டம் மைதானத்தில் என்ற பழைய ஏற்பாடு. அந்தக் காலம் முடிந்து பல வருடம் கழித்து வந்த தனியார் கிளப் இது.

வந்ததும் முதல் பிரச்சினை, எங்கே ஆடுவது? சென்னையின் நேரு விளையாட்டரங்கம் ஏற்கனவே ஐ.எஸ்.எல். அணியின் வீடு. அதனால் கோவைக்குப் போனார்கள். அங்கேயும் ஒரு நேரு ஸ்டேடியம், மாநகராட்சிக்குச் சொந்தமானது. பெயரை மட்டும் மாற்றவில்லை. சட்டையில் சென்னை, மைதானம் கோவை. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மாற்றி அச்சடித்த மாதிரி ஒரு நிலைமை :-)

முதல் இரண்டு சீசன்களிலும் எட்டாவது இடம். அணிகளோ பத்து. தப்பித்தோம் பிழைத்தோம் என்றுதான் ஓடியது. ஆனால் அந்த நாட்களில்தான் மைக்கேல் சூசைராஜ் என்ற கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் நாடு முழுக்கத் தெரிய வந்தார். ஊர் இரவிப்புத்தன்துறை, கடலோரக் கிராமம். சென்னை சிட்டியின் நடுக்களத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஐ.எஸ்.எல். அணிகள் கூப்பிட்டன. சென்னைப் பையன் நந்தகுமார் சேகரும் இங்கே ஆடியவர்தான். 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலில் அன்றைய டெர்பி முடிந்தது. கொல்கத்தாவில் அந்தக் கோலுக்கு என்ன மரியாதை என்று அங்கே போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சரி, 2018-19க்கு வருவோம். பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத் தேடும்போது கிளப் பெரிய பெயர்களின் பக்கம் போகவில்லை. ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கூட்டி வந்தார்கள். நடுக்களத்தில் சான்ட்ரோ, நெஸ்டர். கோல் காப்பதற்கு நவுசெட் சான்டானா. கோல் அடிப்பதற்கு உருகுவேக்காரரான பெட்ரோ மான்சி. இந்தியாவில் இவர்களை அதற்கு முன் யாருக்கும் தெரியாது. முதல் ஆட்டத்திலேயே மான்சி ஹாட்ரிக் அடித்தார். சீசன் முடியும்போது 21 கோல்!

இவர்களோடு எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரி தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவது இல்லை, காலடியிலேயே வைத்து, கொடுத்து, வாங்கி முன்னேறும் ஆட்டம். ஐ-லீக்கில் அந்த வருடம் இவர்கள் ஆட்டம் தனியாகத் தெரிந்தது. சீசனின் நடுவிலேயே சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. சாம்பியன்ஸ் லீக் ஆடிய ஒரு ஐரோப்பிய கிளப் கோவையைத் தேடி வந்தது என்றால் சும்மாவா?

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில். கோவையில் நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப் வந்திருக்கிறது. கோழிக்கோட்டில் கோகுலம் அணியோடு ஈஸ்ட் பெங்கால். டிரா ஆனால் கூடக் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடலாம். 2003-04க்குப் பிறகு தேசிய லீக் பட்டத்துக்காகக் காத்திருந்த பெரிய கிளப் அது.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை அதே நிலை. இரண்டாம் பாதியில் பெனால்டி, மான்சி சமன் செய்தார். அப்புறம் கதாநாயகன் யார் தெரியுமா? கோல் அடிக்கிறவர் இல்லை, கோல் விழாமல் தடுக்கிறவர். தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. ஒன்று அடித்தார். கடைசியில் இன்னொன்றும் அடித்தார். 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது, ஆனால் பிரயோஜனம் இல்லை. 43க்கு 42. ஒரே ஒரு புள்ளி.

2017இல் மிசோரமின் ஐஸ்வால், 2018இல் மினர்வா, 2019இல் சென்னை சிட்டி. வரிசையாக மூன்று வருடம் சின்ன கிளப்கள் பெரிய கிளப்களை மண்ணைக் கவ்வ வைத்தன. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஆனால் கோப்பையோடு பிரச்சினையும் வந்தது. அதே 2019இல் நாட்டின் முதல் லீக் என்ற இடம் ஐ.எஸ்.எல்.லுக்குப் போனது. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே ஏற அப்போது படி கிடையாது. (அந்தப் படி போடப்பட்டு முதலில் ஏறியது 2022-23 சாம்பியனான பஞ்சாப் அணி, அதாவது பழைய மினர்வா.) நல்ல ஆட்டக்காரர்களுக்கு மேலிருந்து அழைப்பு வந்தது. எட்வின் சென்னையின் எஃப்சிக்குப் போனார், ரொமாரியோ கோவாவுக்கு. யாரையும் குறை சொல்ல முடியாது. கால்பந்து ஆட்டக்காரரின் தொழில் வாழ்க்கை மொத்தமே பத்துப் பன்னிரண்டு வருடம்.

2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1. மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மசியாவோடு 2-2. சில நாட்களில் கொரோனா. ஐ-லீக் பாதியில் நிறுத்தப்பட்டது. அடுத்த சீசன் முழுக்க மேற்கு வங்கத்தில், பார்வையாளர் இல்லாமல், பாதுகாப்பு வளையத்துக்குள் நடந்தது. அதற்கு அடுத்த சீசனுக்கு உரிம நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று சென்னை சிட்டிக்கு இடம் கிடைக்கவில்லை. பாசெல் உறவும் அணியைக் காப்பாற்றவில்லை.

அதாவது 2020 மார்ச்சுக்குப் பிறகு அந்த அணி கோவையில் ஒரு ஐ-லீக் ஆட்டம் கூட ஆடவில்லை. கோப்பை தூக்கிய மைதானத்தில் 'போய் வருகிறேன்' என்று சொல்லக்கூட வாய்ப்பு இல்லை. அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அணி போனபோது கோவையில் பெரிய சத்தம் எதுவும் எழவில்லை. சென்னையிலும் இல்லை. சென்னைக்காரர்களுக்கு அது கோவையில் ஆடும் டீம். கோவைக்காரர்களுக்கு அது சென்னை டீம். இரண்டு வீட்டுக்கும் பிள்ளை என்று சொல்லி இரண்டு வீட்டிலும் சாப்பாடு கிடைக்காத கதை.

இங்கே கொரியாவை இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்கொரியாவில் தொழில்முறை லீக் தொடங்கியது 1983இல். அங்கேயும் பெரிய கம்பெனிகளின் அணிகள்தான். நம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிற ஹூண்டாய்க்கு ஜியோன்புக் என்ற மாகாணத்தில் ஓர் அணி உண்டு. பல முறை பட்டம் வாங்கிய அணி. சியோலுக்குப் பக்கத்தில் ஆன்யாங் என்று ஒரு சின்ன நகரம். எல்ஜி கம்பெனியின் அணி 1996இல் அங்கே வந்தது. 2000இல் ஆன்யாங் பெயரோடே சாம்பியன் ஆனது. 2004இல் கம்பெனி அணியை மூட்டை கட்டி சியோலுக்குக் கொண்டுபோனது. தலைநகரம், பெரிய ஸ்டேடியம், வருமானம். கம்பெனிக் கணக்கில் சரிதான்.

ஆன்யாங் மக்கள் அதை விடவில்லை. போராட்டம் நடத்தினார்கள். அணி திரும்ப வரவில்லை. ஆனாலும் 'எங்கள் ஊருக்கு ஓர் அணி வேண்டும்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒன்பது வருடம்! 2013இல் நகர நிர்வாகத்தின் ஆதரவோடு எஃப்சி ஆன்யாங் என்ற புது அணி பிறந்தது. இரண்டாம் பிரிவில் பதினோரு வருடம் கிடந்தது. 2024இல் அந்தப் பிரிவை வென்று, 2025இல் முதல் பிரிவுக்கு ஏறி, தங்களை விட்டுப் போன அந்த சியோல் அணியோடே மோதியது.

கோவைக்கும் ஆன்யாங்குக்கும் என்ன வித்தியாசம்? பணம் என்று சொல்லலாம். கோவையில் இல்லாத பணமா? பெயர் என்பது என் பதில், ஆனால் முழுப் பதில் அல்ல. ஏனென்றால் 1997இல் தொடங்கிய எஃப்சி கொச்சின் பெயரிலேயே ஊரை வைத்திருந்தது. அந்த வருடமே டூரண்ட் கோப்பை வாங்கியது. தமிழ்நாட்டுக்காரர் ராமன் விஜயன் அந்த அணிக்காக ஆடித்தான் 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தார். அதுவும் சில வருடங்களிலேயே பணமில்லாமல் மூடப்பட்டது. ஆக, பெயர் மட்டும் சோறு போடாது. ஆனால் பெயர் இருந்தால் அணி செத்த பிறகும் உரிமை சாகாது. 'எங்களுடையது' என்று கேட்க ஒரு ஊர் மிச்சம் இருக்கும். மறுபடி தொடங்க ஒரு ஆள் வருவான்.

எங்கள் ஆலங்காயம் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. மேலே காவலூரில் இருக்கும் பெரிய தொலைநோக்கி, 1986இல் திறந்தது. 2.34 மீட்டர் கண்ணாடி. நடத்துவது பெங்களூரு நிறுவனம். வந்துபோகிற விஞ்ஞானிகள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வைணு பாப்பு பெயரைத்தான் முறைப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் சொல்வது 'காவலூர் அப்சர்வேட்டரி'. அந்த ஒரு சொல்லுக்காக, நட்சத்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத எங்கள் ஊர்க் கிழவி கூட 'எங்க மலையில இருக்குதே' என்று பெருமையாகச் சொல்வாள். நாளைக்கு அதை யாராவது கழற்றிக்கொண்டு போனால் சும்மா விடமாட்டோம். 'பெங்களூரு சிட்டி தொலைநோக்கி' என்று பெயர் வைத்திருந்தால்?

இதெல்லாம் எனக்கு ஏன் முக்கியம் என்று கேட்கலாம். என்னோடு படித்த ஒரு பையன் ஜவ்வாது மலை கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தான். பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது. மாவட்டப் போட்டி வரை போனான். அதற்கு மேல் எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று பி.டி. சாருக்கும் தெரியவில்லை. இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டம்.

இரவிப்புத்தன்துறையிலிருந்து ஒரு சூசைராஜ் வர முடிந்தது. அந்தக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து இருக்கிறது, மேலே சென்னை சிட்டி மாதிரி ஒரு வாசல் இருந்தது. எங்கள் மலையில் அந்தப் பழக்கம் இல்லை. வாசலாவது இருந்தால் பழக்கம் தானாக வரும். ஒரு வாசல் மூடப்பட்டால் அதில் முட்டி நிற்பது கோவை நகரத்துக்காரன் மட்டும் இல்லை.

நம்பிக்கைக்கு ஒரு செய்தி. அதே 2019 மே மாதம், மதுரையின் சேது எஃப்சி பெண்கள் தேசிய லீக்கை வென்றது. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று தோற்கடித்தது. கோவையின் கடைசி ஆட்டத்திலும் அதே 3-1. சேது தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. பெரிய பணம் கிடையாது, வெளிநாட்டுக் கூட்டாளி கிடையாது. மதுரைக்காரர்கள் அதை மதுரை டீம் என்கிறார்கள்.

நாளை தமிழ்நாட்டில் யாராவது புதிதாகக் கால்பந்து கிளப் தொடங்கினால் என் வேண்டுகோள் ஒன்றுதான். எந்த ஊரில் ஆடுகிறீர்களோ அந்த ஊர்ப் பெயரை வையுங்கள். வாணியம்பாடியோ வால்பாறையோ, பெயர் சின்னதாக இருந்தால் பரவாயில்லை. பட்டம் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. மூடும் நாள் வந்தால் கேட் முன்னால் நின்று சண்டை போட நாலு பேராவது வருவார்கள்.