பத்து டாலர் நாற்காலி

தியேட்டர் என்றால் நமக்கு சினிமா. நியூயார்க் பிராட்வேயில் தியேட்டர் என்றால் நாடகம். நல்ல சீட்டுக்கு நூறு டாலருக்கு மேல் எண்ணி வைக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

நாடக நாற்காலி ஒரு விசித்திரமான சரக்கு. திரை தூக்கிய மறு நிமிஷம் அதன் விலை பூஜ்யம். கோயில் வாசலில் கடை கட்டும் நேரத்து மல்லிகைப்பூவாவது பாதி விலைக்குப் போகும். இதைப் புரிந்துகொண்டுதான் 1973-ல் டைம்ஸ் சதுக்கம் அருகே டி.கே.டி.எஸ். என்று கவுன்ட்டர் திறந்து, அன்றன்றைக்கு மிஞ்சிய டிக்கெட்டுகளைப் பாதி விலைக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

மாணவர்களுக்கு யோகம் அடித்தது 1996-ல். 'ரென்ட்' என்ற நாடகம். வாடகை கொடுக்க வக்கில்லாத இளம் கலைஞர்களின் கதை. எழுதி இசையமைத்த ஜோனதன் லார்சன், அது முதன்முதலாக மேடையேற வேண்டிய நாளின் விடியற்காலையில் செத்துப்போனார். வயது 35. பிராட்வேக்கு வந்தபோது முதல் இரண்டு வரிசையை 20 டாலருக்குக் கொடுத்தார்கள், முந்தி வருகிறவர்களுக்கு. பையன்களும் பெண்களும் ராத்திரியே வந்து பிளாட்பாரத்தில் படுத்துவிட, பாதுகாப்பில்லை என்று பிறகு அதைக் குலுக்கல் ஆக்கினார்கள்.

2015-ல் 'ஹாமில்டன்' வந்தது. குலுக்கல் டிக்கெட் 10 டாலர். காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: அந்த நோட்டில் இருப்பது ஹாமில்டன் முகம்தான். வாசலில் காத்திருந்த கூட்டத்துக்கு, நாடகத்தை எழுதிய லின்-மேனுவல் மிராண்டாவே வெளியே வந்து குட்டி நிகழ்ச்சி நடத்துவார். 2016 ஜனவரியில் குலுக்கலை இணையத்துக்கு மாற்றினார்கள். ஒரே நாளில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் மொய்க்க, தளம் படுத்துவிட்டது. அப்புறம் சரிசெய்து, 2017-ல் செல்போன் ஆப்பும் வந்தது. 'டுடேடிக்ஸ்' மாதிரி ஆப்புகளோ 2013-லிருந்தே இருக்கின்றன. வரிசை முழுக்க பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

இங்கேதான் எனக்கு ஒரு சின்ன உறுத்தல்.

என் அண்ணன் மகள் 2022-ல் அங்கே எம்.எஸ். படிக்கப் போனாள். இரண்டு வருஷம் வாரம் தவறாமல் ஹாமில்டனுக்குப் பேர் கொடுத்தாள். "காலைல பல் தேய்க்கறதுக்கு முன்னாடி நாலு டிராமாவுக்குத் தட்டிடுவேன், சித்தப்பா. ஒண்ணும் விழலை. எங்க ஹவுஸ் ஓனருக்கு முதல் தடவையே அடிச்சுது. அவருக்கு அந்த ஏரியால மூணு வீடு!"

ஓனர் மேல் தப்பில்லை. போனுக்கு அவரும் ஒன்று, அவளும் ஒன்று. பழைய வரிசையில் அப்படியில்லை. அங்கே மாணவனிடம் காசுக்குப் பதிலாக வேறொன்று இருந்தது: நேரம். மூணு வீட்டுக்காரர் குளிரில் நாலு மணி நேரம் நிற்க மாட்டார். தவிர, பல குலுக்கல்களில் ஜெயித்த ஒரு மணி நேரத்துக்குள் பணம் கட்டியாக வேண்டும். கேன்டீனில் பார்ட் டைம் தட்டு கழுவுகிற பெண் அந்த நேரத்தில் எப்படிப் போனைப் பார்ப்பாள்?

ஆனால், சில தியேட்டர்களில் 'ஸ்டூடன்ட் ரஷ்' இன்னும் இருக்கிறது. கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினால்தான் கவுன்ட்டரில் டிக்கெட். வீட்டு ஓனருக்குக் கிடையாது. அவள் கடைசியில் பார்த்த மூன்று நாடகங்களும் அப்படிக் கிடைத்தவைதான். உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது அங்கே படித்தால் சொல்லுங்கள்: பெரும்பாலும் காலை பத்து மணிக்குக் கவுன்ட்டர் திறக்கிறார்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளட்டும்.