பிடித்து வைக்கப்பட்ட நூறு பவுண்

பெற்றோல் வியாபாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அரிசியோ சீனியோ வாங்குபவன் நிறுவையைப் பார்த்து, விலையைக் கேட்டு, அதன்பின் காசு கொடுக்கிறான். பெற்றோலோ வாகனத்தின் தாங்கிக்குள் இறங்கி முடியும்வரை எவ்வளவுக்கு வியாபாரம் நடந்ததென்று விற்பவனுக்கே தெரியாது. இறங்கியபின் அதனைத் திருப்பி எடுக்கவும் இயலாது. ஊழியர் ஒருவர் அருகில் நின்று நிரப்பிக் கொடுக்கும் இலங்கையில் இஃது ஒரு பிரச்சினையாகத் தோன்றுவதில்லை. வாங்குபவனே பம்பில் அட்டையைச் செலுத்தித் தானே நிரப்பிக்கொண்டு போகும் நாடுகளில், இந்த ஐயத்தின் மீது ஓர் ஏற்பாடே கட்டியெழுப்பப்பட்டுள்ளது.

அவ்வேற்பாட்டில் அகப்பட்டவன் இலண்டனின் புறநகரான ஹரோவில் வசிக்கும் ஓர் இளைஞன். கரவெட்டியைச் சேர்ந்தவன், 2023 இன் தொடக்கத்தில் மாணவனாக அங்கு சென்றவன். பகலில் வகுப்பு, வாரத்திற் சில இரவுகள் களஞ்சியசாலையொன்றிற் பெட்டி அடுக்கும் வேலை. அவ்வருட மார்கழியில் ஓரிரவு, வேலைக்குப் போகும் வழியில், தனது பழைய காருக்குப் 15 பவுணுக்குப் பெற்றோல் அடித்தான். காசாளர் இருக்கும் கடை பூட்டியிருந்தமையால் பம்பிலேயே அட்டையைச் செலுத்தினான். கணக்கில் அப்போது இருந்தது 112 பவுண்.

மறுநாட் காலை, தாயாரின் மாதாந்த மருந்துக்காக 60 பவுண் அனுப்ப முயன்றபோது, போதிய பணம் இல்லையென்று பதில் வந்தது. கைத்தொலைபேசியிற் கணக்கைத் திறந்தான். பயன்படுத்தக்கூடிய இருப்பு 12 பவுண். அதன் கீழே, மங்கிய எழுத்தில், பெற்றோல் நிலையத்தின் பெயருக்கு நேரே 100 பவுண்.

திருட்டு என்றே முதலில் எண்ணினான். வங்கிக்குத் தொலைபேசி எடுத்து நெடுநேரம் காத்திருந்த பின்னரே விடயம் விளங்கிற்று. அட்டை செலுத்தப்பட்டதும், எவ்வளவு பெற்றோல் போகுமென்று அறியாத பம்ப், முழுத் தாங்கிக்கும் போதுமான ஒரு தொகைக்கு வங்கியிடம் உறுதி கேட்கிறது. வங்கி அத்தொகையைக் கணக்கிலிருந்து எடுப்பதில்லை. வேறெவரும் தொடாதபடி ஒதுக்கி வைக்கிறது. நிரப்பி முடிந்ததும் உண்மையான தொகை அறிவிக்கப்பட, எஞ்சியது விடுபட வேண்டும். சில நிமிடங்களில் முடியவேண்டிய காரியம் இது. ஆனால் இரண்டாவது செய்தி பிந்தினாலோ, அதனை முதலாவதோடு வங்கி பொருத்தத் தவறினாலோ, ஒதுக்கிய பணம் நாட்கணக்கில் அப்படியே கிடக்கும்.

பிரித்தானியாவில் முன்னர் இவ்வாறு ஒதுக்கப்பட்டது ஒரேயொரு பவுண். அட்டை உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். வெறுங்கணக்கோடு வந்து தாங்கியை நிரப்பிப் போவோரால் நட்டம் ஏற்படவே, பிற்காலத்தில் அது நூறு பவுண் அளவுக்கு உயர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவிலும் பெரிய அட்டை நிறுவனங்கள் அனுமதிக்கும் உச்சத்தொகை 125 டொலரிலிருந்து 2022 இல் 175 டொலராகக் கூட்டப்பட்டது. எண்ணெய் விலை ஏறியதே அதற்குக் காரணம். விற்பவனின் அச்சம் நியாயமானதே. ஆயினும் அவ்வச்சத்தின் செலவை யார் சுமக்கிறார் என்பதை நோக்க வேண்டும். ஐயாயிரம் பவுண் வைத்திருப்பவனுக்கு நூறு பவுண் மூன்று நாள் மறைந்திருந்தது தெரியவே போவதில்லை. 112 பவுண் வைத்திருப்பவனுக்கோ, எடுத்தலுக்கும் ஒதுக்கி வைத்தலுக்கும் இடையே வங்கி காட்டும் நுண்ணிய வேறுபாடு இலக்கணப் புத்தகத்து வேறுபாடு போன்றதே. பகலில் வந்து கடையினுள்ளே காசாளரிடம் செலுத்தியிருந்தால் 15 பவுண் மாத்திரமே கேட்கப்பட்டிருக்கும். இரவு வேலைக்காரனுக்கு அது வாய்க்கவில்லை.

2022 இல் நெல்லியடியில் மோட்டார் சைக்கிளோடு இரவிரவாக வரிசையில் நின்றவன் அவன். அவ்வருடம் ஆடியில் கியூஆர் முறை வந்தபோது அவனது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது கிழமைக்கு நாலு லீற்றர். அன்று காசு கையில் இருந்தது, பெற்றோல் இல்லை. அதற்காவது, கூடநின்று ஏசுவதற்கு முன்னாலும் பின்னாலும் முந்நூறு பேர் இருந்தார்கள்.

தாயாருக்கு விடயத்தைச் சொல்லுவதே அவனுக்கு எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது.

"காசு இண்டைக்கு வராதம்மா. வங்கியிலை பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள்."

மறுமுனையிற் சிறிது நேரம் மௌனம். பிறகு தாழ்ந்த குரலில், "ஏன் மோனை, நீ என்ன பிழை செய்தனீ?"

பிழை ஒன்றுமில்லை, பெற்றோல்தான் அடித்தேன் என்று அவன் எத்தனை விதமாகச் சொல்லியும் அவருக்குத் தெளிவு ஏற்படவில்லை. பிழை செய்யாதவனின் பணத்தை ஏன் பிடிக்க வேண்டும்? அவர் அறிந்த உலகில் பிடித்து வைக்கப்படுவதற்கு எப்போதும் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. அன்று பின்னேரம் நெல்லியடி மருந்துக்கடைக்குப் போய், "தம்பி காசு அனுப்புவான்" என்றாராம். கடைக்காரர் கொப்பியில் ஒரு வரி எழுதிக்கொண்டு மருந்தைக் கொடுத்துவிட்டார். எவ்வளவென்று பார்த்துத்தான் எழுதினார். அதற்கு மேல் ஒரு சதமும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் விடிய நூறு பவுண் விடுபட்டது. அவன் உடனே 60 பவுணை அனுப்பினான். மாத முடிவில் வங்கி அனுப்பிய கணக்குக்கூற்றை வரிவரியாகத் தேடியும் பார்த்தான். அதில் அந்த நூறு பவுண் எங்கும் இல்லை. அவ்விரவுக்கு நேரே பெற்றோல் நிலையத்தின் பெயரும் 15 பவுணும் மட்டுமே இருந்தன.