மீன் அரியும் இரும்பு



ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்களில் பலர் வேதாகமப் பையைத் தோளில் மாட்டியபடியே மீன் வாங்கச் செல்வதை நான் அறிவேன். நரம்பையிலிருந்தோ பனித்திட்டிலிருந்தோ வந்த கடல்மீனானாலும், பாகூர் ஏரிக் கெண்டையானாலும், வாங்கிய கையோடு அதை அரிந்து கொடுப்பவரிடம் நீட்டிவிட்டுக் காத்திருக்கிறீர்கள். அந்நேரத்தில் உங்கள் கண் மீனின்மேல் இருக்கும். இந்த வாரம் அதை அரிகிற இரும்பையும் சற்றுப் பாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

காரணம் உண்டு. பிள்ளையார்குப்பத்தில் நம் சபைச் சகோதரி ஒருவர், கணவரை இழந்தபின், மீன் அரிந்து கொடுத்துப் பிழைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார். கருவி வாங்க நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் காணிக்கை சேர்த்தார்கள். எதை வாங்குவது என்பதில்தான் கருத்து வேறுபட்டது. கடையில் பளபளக்கும் எவர்சில்வர் கத்தி துருப்பிடிக்காதே என்றார்கள் சிலர். கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்குவதே மேல் என்றார் மூத்த அம்மா ஒருவர். அது வெறும் சமையலறை விவாதம் அன்று. அந்தச் சகோதரிக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நம்மில் ஒருவருக்கு விரலில் படும் வெட்டு இரண்டு நாள் எரிச்சலோடு போய்விடும். அவருக்கோ அது வாரக்கணக்கில் ஆறாத புண்ணாகலாம். மீன் கழிவுநீரில் நனைந்துகொண்டே இருக்கிற கையில் அந்தப் புண் எளிதில் சீழ்பிடிக்கும். புண் ஆறும்வரை வருமானமும் இல்லை. நம் ஊரைப் பெரிய மருத்துவமனையை அடையாளம் சொல்லித்தான் வெளியூரார் அறிகிறார்கள். மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அங்கே போகக் காரணம் தேடிக்கொள்ள வேண்டுமா?

முதலில் கத்தியா, அரிவாள்மனையா என்ற கேள்வி. நாம் பேச்சில் அருவாமனை என்போமே, அதுதான். கத்தியில் ஒரு கை இரும்பைப் பிடிக்கிறது. மற்றொரு கை மட்டுமே வழுக்கும் மீனைப் பிடிக்கிறது. அரிவாள்மனையில் இரும்பு அசையாமல் நிற்கிறது, பலகையைக் கால் அழுத்திக்கொள்கிறது, மீனுக்கு இரண்டு கைகளும் கிடைக்கின்றன. வங்காளத்தார் இதே அமைப்பைப் ‘போன்ட்டி’ என்று அழைத்து, பெரிய மீன்களையும் அதிலேயே துண்டு போடுகிறார்கள். ஜப்பானியர் வழி வேறு. அவர்களுடைய ‘தேபா’ கத்திக்கு முதுகு தடித்தது, கூர் ஒரு பக்கத்தில் மட்டும் சரிந்தது. மீன் தலையைத் துண்டிக்கவென்றே அமைந்தது. நின்று, பலகைமேல் வைத்து வெட்டும் கைக்கு அது பொருந்தும். தரையில் அமர்ந்து நாள் முழுவதும் அரிகிறவருக்கு நம் அரிவாள்மனையே தகும் என்பது என் எண்ணம்.

அதிலும் கவனம் வேண்டும். இப்போது கடைகளில் அதிகம் தொங்குபவை மடக்கு அரிவாள்மனைகள். அலமாரியில் அடங்கும் என்பது அவற்றின் சிறப்பு. ஆனால் மடங்குகிற இடத்தில் ஒரு திருகாணி இருக்கிறது. அங்கே மீன் இரத்தமும் செதிலும் புகுந்து அழுகும். நாளடைவில் திருகாணி தளர்ந்து இரும்பு ஆடும். ஆடுகிற இரும்புதான் விரலைத் தேடி வருகிறது. காய்கறி நறுக்கும் வீட்டுக்கு மடக்கு போதும். மீனுக்கு, கட்டையில் இறுக்கி அறைந்த, மடங்காத இரும்பே வேண்டும். நுனியில் தேங்காய் துருவும் பல் வைத்ததும் வேண்டாம். குனிந்து வேலை செய்கையில் புடவையையும் முன்கையையும் அது கிழிக்கும்.

இனி இரும்பு. எவர்சில்வரைக் குறை சொல்ல மாட்டேன். அதில் பத்து சதவீதத்துக்கு மேல் கலந்திருக்கும் குரோமியம்தான் துருவைத் தடுக்கிறது. கத்தியைக் கழுவாமல் தொட்டியிலேயே போட்டுவிட்டு உறங்கப் போகிறவர்களுக்கு (யார் என்று சொல்லமாட்டேன்) அது மிக நல்லது. ஆனால் மலிவான எவர்சில்வர் தகட்டில் கூர் நெடுநேரம் நிற்பதில்லை. பட்டறைக் கொல்லர் பெரும்பாலும் எடுப்பது பழைய லாரியின் வில்பட்டை. பாரம் தாங்கி வளைந்து நிமிர வேண்டிய எஃகு அது. ஆகையால் கூர் பிடிப்பதற்குத் தேவையான கரி அதில் இருக்கிறது. துருப்பிடிக்கும்தான். ஆனால் மழுங்கினால் சாணைக்கல்லில் சில இழுப்பில் கூர் திரும்பிவிடும். ஒரு நாளில் பலமுறை கூர் தீட்ட வேண்டிய தொழிலுக்கு இதுவே பெரிய விஷயம்.

மழுங்கிய இரும்பைத் தீட்டாவிட்டால் அதிக பெலத்தைச் செலவிட வேண்டும் என்கிறார் பிரசங்கி, பத்தாம் அதிகாரத்தில். மீன் அரிகிறவர்கள் இதற்கு ஒன்று கூட்டிச் சொல்வார்கள். அந்த அதிக பெலம்தான் வழுக்குகிறது. நல்ல கூரில் மீன் தானாகப் பிளக்கும். மழுங்கலில் அழுத்த வேண்டும். அழுத்தும்போது கை நழுவும். கூர்மையைக் கண்டு அஞ்சுகிறவர்கள் அஞ்ச வேண்டியது மழுங்கலுக்கே.

ஆகவே சகோதரியையும் சங்கத்து அம்மா ஒருவரையும் அழைத்துக்கொண்டு பாகூர்ப் பக்கத்துக் கொல்லுப்பட்டறை ஒன்றுக்குப் போனேன். கொல்லர் விலை பேசவில்லை. “உட்காரும்மா” என்றார். பட்டறைத் தரையில் அவரை அமரச்செய்து, சுருட்டிய சாக்கைக் கையில் கொடுத்து, அரிவதுபோல் செய்யச் சொன்னார். பலகையை எந்தக் கால் அழுத்துகிறது, இரும்பின் உச்சி மார்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று பார்த்தார். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மட்டு என்று சகோதரி சொன்னதும் பலகையை மாற்றினார். அகலமும் கனமும் கூடிய புளியமரக் கட்டையை எடுத்தார். பலகை நழுவுவதைக் கால் உணராவிட்டால், நழுவாத பலகையாக இருக்க வேண்டும் அல்லவா? எந்தக் கடையில் அவரிடம் இதைக் கேட்டிருப்பார்கள்?

இரும்பைச் சிவக்கக் காய்ச்சி அடித்து வளைத்தபின், கூர்ப்பக்கத்தை மட்டும் நீரில் தோய்த்தார். முழுவதையும் தோய்த்தால் முதுகும் கடினமாகி, முள்ளில் படும்போது ஒடியும். தோய்த்த கூரோ கண்ணாடிபோல் இருக்கும். அதைச் சற்று இளக்க வேண்டும். ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகில் தங்கியிருந்த சூடு மெல்லக் கூரை நோக்கி வருவதைப் பார்த்திருந்தார். வைக்கோலின் மஞ்சள் நிறம் கூருக்கு வந்ததும் மறுபடி நீரில் இட்டார். அந்த மஞ்சள் ஏறக்குறைய 220 முதல் 230 டிகிரி செல்சியஸ் சூட்டின் அடையாளம். நீலம் ஏறவிட்டால் சுமார் 300 டிகிரி. கூர் சீக்கிரம் மழுங்கும். அவரிடம் வெப்பமானி ஒன்றும் இல்லை.

நீங்கள் வாங்கப் போனால் இவற்றைப் பாருங்கள். இரும்பை விரல் முட்டியால் தட்டினால் ஓசை நீண்டு ஒலிக்க வேண்டும். சட்டென்று அடங்கினால் எங்கோ கீறல். கூரின் ஓரத்தை நனைத்துத் துடைத்துப் பாருங்கள். கீறல் இருந்தால் ஈரம் அதில் கோடாக நிற்கும். இரும்பு கட்டைக்குள் இறங்கும் இடத்தில் நகம் நுழையும் சந்து இருக்கலாகாது. கைக்கத்திதான் வேண்டுமென்றால், பிடிக்குள் இறங்கும் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடுகிறதா, பூண் இறுகியிருக்கிறதா என்று கேளுங்கள். மத்தி, நெத்திலிக்கு விரலே போதும். வஞ்சிரத்துக்கும் பாறைக்கும்தான் இவ்வளவும்.

சவுலின் நாளில் இஸ்ரவேலில் கொல்லன் இல்லாமற்போன செய்தியை 1 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில் வாசித்திருப்பீர்கள். கலப்பைக் கொழுவையும் கோடரியையும் தீட்ட அவர்கள் பெலிஸ்தரிடம் இறங்கிப் போக வேண்டியிருந்தது. முன்பு அதைப் போர்ச்செய்தியாக மட்டுமே பிரசங்கித்திருக்கிறேன். பட்டறையிலிருந்து திரும்பும்போது அந்தக் கோடரிக்காரர்களையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கொல்லருடைய மகன் தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். துருத்தியை மின்விசிறி ஊதுகிறது. எதிரே சம்மட்டி பிடிக்க ஆளில்லை.

சகோதரி அடுத்த வாரம் தொழில் தொடங்குகிறார். நாங்கள் சொல்லியனுப்பியவை இவை: வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுப் பூசுவது, கெளுத்தியின் முள்ளை முதலில் நறுக்கிவிடுவது, வயிற்றைக் கீறும்போது கூர் ஆழ இறங்காமல் பார்ப்பது, ஏனெனில் பித்தப்பை உடைந்தால் மீன் கசக்கும், இடக்கையில் கையுறை.

இரும்பு கறுத்திருப்பதைக் கண்டு அழுக்கென்று முகம் சுளிக்காதீர்கள். அவ்வகை எஃகு புளியும் மீனும் பட்டுப்பட்டு அப்படித்தான் கறுக்கும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய அரிவாள்மனை கிடந்தால் வரும் சனிக்கிழமைக்குள் ஆலயத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்த்து எடுத்துப்போய்த் தீட்டித் தருகிறோம். தீட்டுக்கூலியை அவரவர் கொடுத்துவிடுங்கள். கொல்லரிடம் பேரம் வேண்டாம்.