மலிவு பெட்ரோல் இன்ஜினுக்கு ஆகாதா?

விலை குறைவு என்றாலே நமக்கு ஒரு சந்தேகம். 'சும்மாவா கொடுப்பான்? இதுல ஏதோ இருக்கு' என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கும். ஆடித் தள்ளுபடிப் புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும், பிளாட்பாரத்துச் செருப்பை வளைத்துப் பார்ப்பதும் அந்தக் குரலுக்குப் பயந்துதான். புடவையையாவது தொட்டுப் பார்த்து வாங்கலாம். குழாய் வழியாக வந்து, டேங்குக்குள் இறங்கி, எரிந்து, புகையாகப் போய்விடுகிற பெட்ரோலை என்ன செய்வீர்கள்?

இங்கிலாந்தில் இந்தக் கவலை பல வருடங்களாக இருக்கிறது. அங்கே பெட்ரோல் விற்கிறவர்கள் இரண்டு ஜாதி. ஷெல், பி.பி., எஸ்ஸோ என்று எண்ணெய் கம்பெனிப் பலகை மாட்டிய பங்க்குகள் ஒரு பக்கம். டெஸ்கோ, ஆஸ்டா, செயின்ஸ்பரிஸ், மாரிசன்ஸ் என்ற 4 பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் இன்னொரு பக்கம். பாலும் பிரெட்டும் வெங்காயமும் விற்கிற அதே கடை, தன் கார் பார்க்கிங் ஓரத்தில் பெட்ரோலும் விற்கும். லிட்டருக்குச் சில பென்ஸ் குறைவு. நாட்டிலுள்ள மொத்த பங்க்குகளில் இவர்களுடையது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. விற்பனையில் மட்டும் 40 சதவிகிதத்துக்கு மேல் இவர்கள் கையில்.

உங்கள் மகனோ மருமகனோ லண்டன் பக்கம் இருந்தால் போனில் கேட்டுப் பாருங்கள். 'அங்க போட்டா இன்ஜின் போயிடும்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்கப்பா. நான் ஷெல்லைத் தவிர வேற எங்கயும் போடறதில்ல' என்பான். வாரத்துக்கு 40 லிட்டர் போடுகிறவன், லிட்டருக்கு 4 பென்ஸ் கூடுதலாகக் கொடுத்தால் வருடத்துக்கு 83 பவுண்டு. பயத்துக்கு அவன் கட்டுகிற வருடச் சந்தா அது. பயம் நியாயமானதென்றால் கட்டட்டும். நியாயமானதுதானா?

காமர்ஸ் படித்தவனுக்கு இன்ஜினுக்கு முன்னால் கணக்குப் புத்தகம்தான் கண்ணில் படும். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இங்கிலாந்தில் ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையில் பாதிக்குமேல் வரி. அது எல்லா பங்க்குக்கும் ஒன்று. மிச்சத்தில் பெரும்பகுதி சரக்கின் மொத்த விலை. அது உலகச் சந்தையை ஒட்டி ஏறி இறங்குவது. யாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடைசியாக நிற்பது விற்கிறவனின் செலவும் லாபமுமான சில பென்ஸ்கள். சூப்பர்மார்க்கெட் கை வைப்பது அங்கேதான். இடம் ஏற்கெனவே இருக்கிறது. வண்டிகள் எப்படியும் வருகின்றன. பெட்ரோலுக்காக உள்ளே வந்தவர் ஒரு பை நிறைய மளிகையும் வாங்கிக்கொண்டு போவார். அந்தக் கடைகளில், 'இத்தனை பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் பெட்ரோல் லிட்டருக்கு 5 பென்ஸ் தள்ளுபடி' என்று கூப்பன் கொடுப்பதும் உண்டு. நம் ஊர் பெரிய மளிகைக் கடைக்காரர் சர்க்கரையை அசல் விலைக்குக் கொடுத்துவிட்டு, முந்திரியில் எடுத்துக்கொள்கிற அதே சூத்திரம்.

எதிர்ப்பக்கம் இன்னொரு உதாரணம். அங்கே நெடுஞ்சாலை பங்க்குகளில் பெட்ரோல் ஊருக்குள் இருப்பதைவிட லிட்டருக்கு 20 பென்ஸ் வரைகூட அதிகமாக இருக்கும். பலகையில் அதே கம்பெனியின் பெயர், உள்ளே அதே பெட்ரோல். 20 பென்ஸ் கூடக் கொடுத்ததால் இன்ஜினுக்கு ஆயுசு கூடியதாக யாரும் சொன்னதில்லை. விலை கூடினால் தரம் கூடாதென்றால், குறைந்தால் மட்டும் ஏன் குறைய வேண்டும்?

சரி, பெட்ரோலுக்கு வருவோம்.

ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாக ஒரு சுத்திகரிப்பு ஆலை இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் மிச்சமிருக்கிற ஆலைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆலையிலிருந்தும் கப்பலிலிருந்தும் வருகிற பெட்ரோல் சேமிப்புக் கிடங்குகளுக்குப் போகிறது. ஒரே கிடங்கின் வாசலில் பல கம்பெனி டேங்கர் லாரிகள் வரிசையில் நின்று நிரப்பிக்கொள்ளும். யார் விற்றாலும் 'இ.என். 228' என்ற ஐரோப்பியத் தரத்தைத் தாண்டியே ஆகவேண்டும். கந்தகம் எவ்வளவு இருக்கலாம், ஆக்டேன் எவ்வளவு இருக்கவேண்டும் எல்லாம் அதில் எழுதியிருக்கிறது.

வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. லாரி நிரம்பும்போது ஒவ்வொரு கம்பெனியும் தன்னுடைய மருந்தைக் கொஞ்சம் கலக்கும். ரசம் ஒன்று, தாளிப்பு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மருந்தின் முக்கியமான வேலை கழுவுவது. இன்ஜினுக்குள் எரிபொருள் போகிற வழியிலும் வால்வுகளிலும் கரி படியாமல் பார்த்துக்கொள்வது. எந்த மருந்து, எவ்வளவு என்பது கம்பெனி ரகசியம். பாட்டி வைத்தியம் மாதிரி, கேட்டால் சிரிப்பார்கள்.

இந்தத் தாளிப்பு முக்கியமா என்பதை அமெரிக்காவில் அளந்தே பார்த்துவிட்டார்கள். அங்கே குறைந்தபட்சக் கழுவு மருந்து கட்டாயம் என்று 1990-களிலேயே சட்டம் வந்தது. அது போதாது என்று பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய கார் கம்பெனிகள் சேர்ந்து 2004-ல் 'டாப் டயர்' என்ற கூடுதல் தரத்தைக் கொண்டுவந்தன. ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016-ல் இரண்டு வகையையும் இன்ஜினில் ஓட்டிப் பார்த்தது. 4,000 மைல் ஓட்டத்துக்குச் சமமான சோதனையில், டாப் டயர் இல்லாத பெட்ரோல் சராசரியாக 19 மடங்கு அதிகம் கரி படியவிட்டிருந்தது. நல்ல பெட்ரோலுக்கு மாறினால் படிந்ததில் ஓரளவு குறையும் என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

'பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே' என்று மருமகன் துள்ளவேண்டாம். அந்த டாப் டயர் பட்டியலில் ஷெல் இருக்கிறது. கூடவே 'காஸ்ட்கோ'வும் இருக்கிறது. காஸ்ட்கோ என்பது மூட்டை மூட்டையாகச் சாமான் விற்கிற கடை. அமெரிக்காவில் மலிவுப் பெட்ரோலுக்குப் பேர் போன இடம். ஆக, கழுவு மருந்து சரியாக இருக்கிறதா என்பது நல்ல கேள்வி. அதற்கான பதில் விலைப்பலகையில் எழுதியிருக்காது.

இன்னொரு குழப்பம் ஆக்டேன். எண் கூடினால் பெட்ரோல் 'சுத்தம்' என்று ஒரு நம்பிக்கை. ஆக்டேன் சொல்வது ஒன்றே ஒன்று: அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் பெட்ரோல் எவ்வளவு பொறுமையாக இருக்கும் என்பது. இன்ஜின் 95 கேட்டால் 95 ஊற்றுங்கள். அதற்கு 99 ஊற்றுவது, சைக்கிளுக்கு லாரி டயர் வாங்குகிற மாதிரி. அப்புறம் ஒரு வேடிக்கை. சூப்பர்மார்க்கெட்டான டெஸ்கோவே 'மொமென்டம்' என்ற பெயரில் 99 ஆக்டேன் பெட்ரோல் விற்கிறது. எண்ணெய் கம்பெனிகள் சிலவற்றின் உயர்ரக பெட்ரோலே 97தான்!

இவ்வளவும் படித்தபிறகு, 'அப்ப இந்தப் பயம் வெறும் கட்டுக்கதையா?' என்று நீங்கள் கேட்கலாம். கதைக்கு ஒரு காரணம் உண்டு. அது 2007-ல் நடந்தது.

அந்த வருடம் பிப்ரவரி கடைசியில், இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் கார்கள் திடீரென்று நோயில் விழுந்தன. ஓடிக்கொண்டிருந்த வண்டி குலுங்கும், எச்சரிக்கை விளக்கு எரியும், எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்காது. பத்து, நூறு என்று ஆரம்பித்து ஆயிரக்கணக்கான வண்டிகள். மெக்கானிக்குகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆக்ஸிஜன் சென்சார் என்ற சின்னப் பொருள் எல்லா வண்டியிலும் செத்துக் கிடந்தது. புகை வெளியேறும் பாதையில் உட்கார்ந்துகொண்டு, 'பெட்ரோல் அதிகம், காற்று குறைச்சல்' என்று இன்ஜினின் மூளைக்குச் சேதி சொல்கிற பொருள் அது. மாற்றச் சில நூறு பவுண்டு ஆகும். அதுவும் கடைகளில் தீர்ந்துபோனது. வேலைக்குப் போக முடியாதவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட முடியாதவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: 'எங்கே பெட்ரோல் போட்டீர்கள்?'

பெரும்பாலான பதில் டெஸ்கோ, மாரிசன்ஸ். கடைகள் முதலில் என்ன சொன்னார்கள் தெரியுமா? 'சோதனை செய்து பார்த்துவிட்டோம். பெட்ரோல் தரமாகத்தான் இருக்கிறது.' அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கதையின் சுவாரஸ்யம். வழக்கமான சோதனைகளில் எல்லாவற்றிலும் அந்தப் பெட்ரோல் பாஸ். மார்ச் முதல் வாரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. அதில் சிலிக்கான் கலந்திருந்தது. சிலிக்கான் எரிந்தால் சிலிக்கா. மணலும் கண்ணாடியும் ஆகியிருக்கிற அதே சரக்கு. அது சென்சாரின்மேல் மெல்லிய போர்வையாகப் படிந்து கண்ணை மூடிவிட்டது. பெட்ரோலில் சிலிக்கான் இருக்கிறதா என்று யாரும் வழக்கமாகச் சோதிப்பதில்லை. சிலிக்கானுக்கு அங்கே என்ன வேலை என்ற நினைப்புதான் காரணம்.

தடம் போய் நின்ற இடம், எசெக்ஸில் வெஸ்ட் தர்ரக் என்ற ஊரிலிருந்த ஒரு சேமிப்புக் கிடங்கு. அங்கிருந்து லாரி நிரப்பிய பங்க்குகளில்தான் தொல்லை. அதே டெஸ்கோவின் வடக்கு ஊர்க் கிளைகளில் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. விலை இரண்டு இடத்திலும் மலிவுதான். கடைகள் தொட்டிகளைக் காலி செய்து, வண்டிகளின் பழுதுச் செலவையும் கொடுத்தன.

சம்பவம் முடிந்தது. 'சூப்பர்மார்க்கெட் பெட்ரோல்' என்ற கெட்ட பெயர் மட்டும் தங்கிவிட்டது. கிடங்கின் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது?

இதைவிடப் பெரிய வேடிக்கை பின்னால் நடந்தது. பிரிட்டிஷ் போட்டி ஆணையம் பெட்ரோல் விலையை ஆராய்ந்து 2023 ஜூலையில் ஓர் அறிக்கை கொடுத்தது. 2019-க்கும் 2022-க்கும் நடுவில் சூப்பர்மார்க்கெட்டுகளின் லாப விகிதம் லிட்டருக்குச் சராசரியாக 6 பென்ஸ் கூடியிருக்கிறது. 2022-ல் மட்டும் அந்த 4 கடைகளின் வாடிக்கையாளர்கள் கூடுதலாகக் கொடுத்த தொகை சுமார் 90 கோடி பவுண்டு. எல்லோரிலும் மலிவான ஆஸ்டா லாப இலக்கை உயர்த்தியபோது, மற்றவர்கள் அதைவிடக் குறைத்துப் போட்டியிடாமல் பின்னாலேயே போனார்கள். கேட்ட தகவலைச் சரியாகத் தராததற்காக ஆஸ்டாவுக்கு 60,000 பவுண்டு அபராதமும் விழுந்தது.

ஜனங்கள் இன்ஜினைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். அடி விழுந்தது பர்ஸில். அதுவும், 'மலிவுக் கடை' என்ற பெயரை நம்பி விலைப்பலகையை நிமிர்ந்து பார்க்காமலே போட்டவர்களுக்கு.

நம் ஊரில் சூப்பர்மார்க்கெட் பெட்ரோல் கிடையாது. அரசு கம்பெனி பங்க்குகளில் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் 'அந்த பங்க்ல போடாதீங்க சார், இங்க போடுங்க' என்று நமக்கும் ஒரு ஜாதகம் உண்டு. நம் பயத்துக்குக் காரணம் வேறு. மண்ணெண்ணெய் மானியத்தில் ஒரு விலை, பெட்ரோல் பல மடங்கு விலை என்று இருந்தால், நடுவிலிருக்கும் அந்த இடைவெளியில் ஒருவன் வந்து உட்காருவான். இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்தவர். கலப்படம் செய்த பங்க்கைத் தட்டிக்கேட்டதற்காக 2005 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. அங்கேயும் பங்க்கில் விற்றது மலிவு விலைக்கு இல்லை. முழு விலை வாங்கிக்கொண்டுதான் கலந்தார்கள்.

அதனால் விலையைப் பார்த்து பெட்ரோலுக்கு ஜாதகம் கணிப்பதை விட்டுவிடுவோம். செய்யக்கூடியது சில உண்டு. கூட்டம் அதிகமாக வருகிற பங்க்கில் சரக்கு தேங்காது, அங்கே போடுங்கள். சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், கொடுப்பது அவர்கள் கடமை. ஒரு சொட்டு விட்டால், நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறை வைக்காமல் பறந்துவிட வேண்டும். அளவில் சந்தேகமா, 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அடர்த்தி எண்ணும் அங்கேயே எழுதியிருக்கும். கேட்டால் முறைப்பார்கள். பரவாயில்லை, முறைப்புக்கு வரி கிடையாது.

லண்டன் மருமகனுக்கு ஒரு வார்த்தை. மலிவாகக் கிடைக்கிற இடத்தில் தாராளமாகப் போடுங்கள் மாப்பிள்ளை. ஆனால், அது இன்றைக்கும் மலிவுதானா என்று பலகையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். ரசீதை மறக்காமல் வாங்கி வையுங்கள். என்றைக்காவது பெட்ரோலில் மறுபடி ஏதாவது வந்து சேர்ந்தால், கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.